குடும்பத்தினரும் ஒத்தாசை புரிந்தனர்

மேல்பிரிவு,
தலவாக்கலை.
20.10.2024

அன்புத் தம்பி ஜனகனுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நாங்கள் சுகம். நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசலாம்தான், ஆனால் இரண்டு நிமிடத்தில் "அக்கா, மீட்டிங்" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, பார்.

கொட்டகலையில் உனக்கு நடந்த பாராட்டு விழாவுக்கு வந்தேன். கடைசி வரிசையில் இருந்ததால் நீ பார்த்திருக்கமாட்டாய். கல்விப் பணிப்பாளர் என்று உன் பெயரைச் சொன்னதும் என்னோடு தேயிலைக் கொழுந்து பறிக்கிற பேச்சியம்மா என்னைக் கிள்ளி, "ஒந் தம்பிடீ!" என்று கத்திவிட்டாள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, கொண்டாட்டமாகவும் இருந்தது. என் மகள் சுலக்ஷனாவுக்குக் கெம்பஸில் பட்டம் படிக்க இடம் கிடைத்திருப்பதை அன்றே சொல்ல நினைத்தேன். கூட்டத்தில் உன் கிட்ட வர முடியவில்லை.

விழா மலரை ஒரு வரி விடாமல் முழுக்கப் படித்தேன். மூன்றாம் பக்கத்தில் உன்னைப் பற்றி இப்படி இருக்கிறது: 'இவரது கல்விக்குக் கொழும்பு நிதியம் ஒன்று அனுசரணை வழங்கியது. குடும்பத்தினரும் ஒத்தாசை புரிந்தனர்.'

தம்பி, எங்கள் மலையில் ஒத்தாசை என்றால் என்ன தெரியுமா? கொழுந்து நிறுக்கிற நேரத்தில் ஒருத்திக்குக் கிலோ குறைந்தால், மற்றவர்கள் ஆளுக்கு இரண்டு பிடி அள்ளி அவள் சாக்கில் போடுவோம். போட்டவளும் மறந்துவிடுவாள், வாங்கியவளும் மறந்துவிடுவாள்.

நான் உனக்குப் போட்டது இரண்டு பிடியா?

பள்ளிக்கூடங்களுக்குக் கொடுக்க அந்த மலரை மறுபடி அச்சடிக்கப் போவதாக மேடையில் சொன்னார்களே. அதில் 'அக்கா படிக்க வைத்தார்' என்று மாற்றிவிடு. என் பெயர்கூட வேண்டாம், அந்தச் சொல் போதும். தீபாவளிக்காவது வா.

அன்புடன்,
அக்கா நாகலெட்சுமி


வெள்ளவத்தை.
04.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. தீபாவளிக்கு வர முடியவில்லை, மன்னியுங்கள். விழாவுக்கு நீங்கள் வந்ததை யாராவது சொல்லியிருந்தால் முன்வரிசையில் இருத்தியிருப்பேன். சுலக்ஷனாவுக்கு என் வாழ்த்து.

அந்தக் குறிப்பை விழாக் குழுதான் எழுதியது. நான் பார்த்துத் திருத்திக் கொடுத்தேன், அவ்வளவுதான். 'படிக்க வைத்தார்' என்பது வீட்டுப் பேச்சு அக்கா. அச்சில் போட்டால் நானாக ஒன்றும் படிக்காதவன் மாதிரித் தெரியும். நிதியத்தின் தலைவர்தான் அன்று பிரதம விருந்தினர், அவர் மனமும் கோணக்கூடாது. உயர்தரத்துக்கு அவர்கள் இரண்டு வருடம் பணம் தந்தது உண்மைதானே?

வேண்டுமானால் 'ஒத்தாசை'யை எடுத்துவிட்டு 'பேருதவி' என்று போடச் சொல்கிறேன். கௌரவமான சொல்.

அன்புத் தம்பி,
ஜனகன்


மேல்பிரிவு.
17.11.2024

அன்புத் தம்பிக்கு,

பேருதவியா? கடையில் மிச்சக் காசுக்கு டொபி கொடுப்பது போல இருக்கிறது.

அம்மாவுக்குப் பின்னால் அப்பாவும் செத்தபோது எனக்குப் பதினாறு, உனக்குப் பத்து. வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பேர் பதிந்து வேலைக்குப் போகாவிட்டால் தோட்டம் குடியிருக்கத் தந்த லயத்துக் காம்பராவை விட வேண்டிவரும் என்றார்கள். வகுப்பில் நான்தான் முதலாவது வருவேன். ஆனாலும் பேர் பதிந்தது நான்.

நிதியம் மாதம் ஆயிரம் ரூபா தந்தது, இரண்டு வருடம். அதற்கு முன்னால் ஆறு வருடம், பின்னால் மட்டக்களப்புக் கெம்பஸில் நான்கு வருடம், யார் அனுசரணை? குளவி கொட்டி நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேனே, நினைவிருக்கிறதா? ஐந்தாம் நாள் வீங்கிய முகத்தோடு மலை ஏறினேன். உன் விடுதிக்குக் காசு கட்ட வேண்டிய வாரம் அது. கொழுந்து குறைவு என்று கணக்கப்பிள்ளை பாதி நாள் சம்பளம் போடப் பார்த்தார். பேச்சியம்மா இரண்டு பிடி அள்ளிப் போட்டுக் காப்பாற்றினாள். ஒத்தாசை செய்தது அவள்.

நீ கெட்டிக்காரன், நீதான் படித்தாய். படிக்க வைத்தது நான். இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கக் கூடாதா? எனக்குக் கோபம் வருகிறது தம்பி. இதை உன்னிடம் கேட்டு எழுத வேண்டியிருக்கிறதே என்று அதைவிட வெட்கமாக இருக்கிறது.

அக்கா


வெள்ளவத்தை.
12.01.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வேலை மும்முரத்தில் பதில் எழுதப் பிந்திவிட்டது. மலர் மறுபடி அச்சாகிவிட்டது, மாற்ற முடியவில்லை. விடுங்கள் அக்கா, ஒரு சொல்லுக்காக நமக்குள் எதற்கு?

சுலக்ஷனாவின் வங்கிக் கணக்கில் பத்தாயிரம் ரூபா போட்டிருக்கிறேன். இனி உங்களுக்குக் கவலையே வேண்டாம். மருமகளை நான்தான் படிக்க வைக்கிறேன் என்று இங்கே எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்.

ஜனகன்


மேல்பிரிவு.
26.01.2025

மதிப்புக்குரிய கல்விப் பணிப்பாளர் அவர்களுக்கு,

நீங்கள் அனுப்பிய பத்தாயிரம் ரூபா வந்து சேர்ந்தது. திருப்பி அனுப்பத்தான் நினைத்தேன். ரோஷம் பார்க்க இப்போது வசதியில்லை. சுலக்ஷனாவுக்கு மெத்தையும் வாளியும் வாங்கினோம், மிச்சம் பஸ்ஸுக்குச் சரியாகிவிட்டது.

கெம்பஸ் படிவத்தில், படிப்புச் செலவை ஏற்பவர் யார் என்று ஒரு கட்டம் இருந்தது. "மாமா பேரப் போடவாம்மா? பெரிய பதவி, பாக்க நல்லாருக்கும்" என்று கேட்டாள். "எம் பேரப் போடு. தொழில்னு கேட்டிருக்கிற எடத்துல கொழுந்து பறிக்கிறதுன்னு எழுது" என்றேன். கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்துவிட்டுத்தான் எழுதினாள். நாளைக்கு அவள் மேடை ஏறும்போது என்ன எழுதுவாளோ, எனக்குத் தெரியாது.

பேச்சியம்மா உங்களை விசாரித்தாள்.

நீங்கள் செய்த ஒத்தாசைக்கு நன்றி.

இப்படிக்கு,
குடும்பத்தினர்