எதோடும் சேராத சோக்

மகனே,

நீயும் அப்பாவும் ஆறு வருஷமாகப் பேசாமலிருக்கக் காரணமான அந்தப் பழைய பிக்கப் வண்டியில் கார்புரேட்டரைக் கழற்றச் சொல்லிவிட்டேன். இப்போது ஒரு சின்னக் கம்ப்யூட்டர் பெட்ரோலை அளந்து விடுகிறது. சாவியைத் திருப்பினால் யாருக்கும் கிளம்பும்.

"என்னைத் தவிர எவனுக்கும் கிளம்பாதுடா, இறங்கு!" என்று அப்பா ஊர் முன்னால் உன்னை இறக்கிவிட்டாரே. ஏப்ரலில் தீவனக் கடை வாசலில் அவருக்கே கிளம்பவில்லை. குளிர்ந்த இன்ஜினைக் கிளப்ப இழுக்கும் சோக்கை எவ்வளவு இழுப்பது, ஆக்ஸிலேட்டரை எத்தனை தரம் மிதிப்பது என்பது மறந்துபோய், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதார். வேறு சிலதும் மறக்கிறார்.

மெக்கானிக் வெர்லின் கார்புரேட்டரோடு சோக் குமிழையும் பிடுங்கப் போனான்.

"அது இருக்கட்டும்பா."

"இனி எதோடும் சேராதே அக்கா, சும்மா தொங்கும்!"

"தொங்கட்டும்."

இப்போது தினமும் குமிழை இழுக்கிறார். ஒரு நாள் ரெண்டு மிதி, ஒரு நாள் ஏழு. எப்படியும் கிளம்பிவிடுகிறது. "பாத்தியாடி, என் கைக்குத்தான் கேக்கும்!" என்கிறார். நான் பக்கத்தில் உட்கார, பண்ணை கேட் வரை போய்த் திரும்புவோம். மற்ற நேரமெல்லாம் சாவி என்னிடம்தான்.

நன்றித் திருநாளுக்கு வான்கோழி வைக்கிறேன், வா. நீ யாரென்று கேட்டால் கோபித்துக்கொள்ளாதே. வண்டி கிளப்பக் கற்றுக்கொள்ள வந்திருப்பதாகச் சொல்.

அம்மா