ரோமிலிருந்து வராத மணி

இங்கே டெல்லியில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு அப்பளம் வாங்கப் போன இடத்தில், கடைக்காரன் ஒரு வெண்கலப் பானையைத் துடைத்துக்கொண்டிருந்தான். விரலால் ஒரு சுண்டு சுண்டினேன். அவ்வளவுதான், நம் ஊர்க் கோயில் மணி காதுக்குள் அடித்துவிட்டது. "அச்சா பீஸ் அங்கிள், எடுத்துக்கோங்க" என்றான். இதைவிடப் பெரிய பானை என் வீட்டில் பத்து இருக்கிறது என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தேன். ஒன்றுகூட இல்லை என்பது, ஊரில் என்னோடு வளர்ந்த உனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து, சரோஜினி நகரில் உன் குவார்ட்டர்ஸ் வாசலில் டீ குடிக்கும்போது, நம் ஊர்ப் பங்குக் கோயிலின் சரித்திரத்தை டெல்லிக்கே சொன்னவன் நான். எட்டாவது தாண்டாதவன் பேச, பெரிய ஆபீசர்களெல்லாம் வாயைப் பிளந்து கேட்டார்கள். "குதுப்மினாரா? எங்க கோயில் கோபுரத்துக்கு அது இடுப்பளவுதான் சார்" என்பேன். நீ டீயை ஆற்றிக்கொண்டே, "பாதியக் கழி வே" என்பாய். கழித்தால் என்ன மிஞ்சும் என்று எவனாவது கேட்பான். "ஓலைக் கொட்டகை மிஞ்சும்" என்பாய். எல்லாரும் சிரிப்பார்கள். நானும்தான்.

ஓலைக் கொட்டகையாக இருந்த கோயில்தானே. கல் கட்டடமான பிறகும் பல வருஷம் மணியில்லாமல் நின்றது. உருக்கி வார்ப்பதற்கு ஊர்ப் பெண்கள் வீட்டுக்கொரு வெண்கலப் பாத்திரம் கொடுத்தார்கள். உன் அம்மாவிடம் இருந்ததே ஒரு பானை. அன்றைய சோற்றை இலையில் கொட்டிவிட்டு, கழுவி, ஈரம் காயுமுன் வண்டியில் ஏற்றினாள். அப்புறம் சாகும்வரை மண்பானைதான். நாம் இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். இதை மட்டும் நான் எவரிடமும் அளந்ததில்லை, சொன்னதுமில்லை. பானையில் என்ன பெருமை என்று நினைத்தேன்.

ஜூபிலி மலருக்குக் கோயில் சரித்திரம் கேட்டுப் பங்குச் சாமியார் உனக்குத்தான் போன் செய்தார். நீ ஆஸ்பத்திரியில் கிடந்தாய். "நீ எழுது வே. அம்மா பானைய விட்டுராத" என்றாய். நான் எழுதினேன். மணி ரோமிலிருந்து கப்பலில் வந்தது, புயலில் கப்பல் சாய்ந்தபோது தானாகவே அடித்தது என்று எழுதினேன். எனக்கே புல்லரித்தது.

"பானைய எழுதுனியா வே?" என்று கேட்டாய், மூக்கில் குழாயோடு.

"மொதப் பக்கமே அதான்" என்றேன்.

அன்றைக்கு மட்டும் நீ பாதியைக் கழிக்கவில்லை. முழுசாக நம்பினாய். மறுநாள் போய்விட்டாய்.

இப்போது அந்தக் கப்பல் கதையைப் பளிங்கில் வெட்டிக் கோயில் வாசலில் பதித்துவிட்டார்கள். வாட்ஸ்அப்பில் படம் வந்தது. ஆடிப்போய்ச் சாமியாருக்குப் போன் போட்டேன்.

"சாமி, ரோமும் இல்ல, கப்பலும் இல்ல. எல்லாம் எங்க ஊருப் பொம்பளைங்க பானை."

அவர் சிரித்தார். "அண்ணாச்சி, உங்க பேச்சுல பாதியக் கழிக்கணும்னு ஊர்ல சொல்வாங்க. கல்லுல வெட்டியாச்சு, விடுங்க."

பானை கொடுத்தவர்களில் ஒருத்தியும் உயிரோடில்லை. மூன்று தடவை பேசிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் உண்மை என் வாயிலிருந்து இன்னொரு அளப்பாகவே வருகிறது. நீ இருந்தால், "இதுல கழிக்க ஒண்ணுமில்ல சாமி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பாய். போதும், கல்லைப் பெயர்த்திருப்பார்கள்.

மத்தியானம் பன்னிரண்டுக்கு அங்கே மணி அடிக்கும் நேரத்தில், இங்கே நான் உன் அம்மாவின் பெயரைச் சொல்லிக்கொள்கிறேன். கேட்க ஆளில்லை. கேட்டாலும் நம்ப ஆளில்லை.