நாப்பத்தொண்ணாம் பட்டி

நாமக்கல்
14.7.2024

அன்புள்ள அண்ணனுக்கு நித்யா எழுதிக்கறது.

இங்க போன் கிடையாது, அதனால காலி முறுக்கு டப்பாக்குள்ள வெச்சு அம்மாகிட்டக் குடுத்து உடறேன். தொறக்காதீங்கன்னு சொல்லியிருக்கேன். தொறந்துதான் பாப்பாங்க.

நீட்டுல மார்க்கு வரலைன்னு இன்னொரு வருசம் இந்த ஹாஸ்டல்ல கொண்டாந்து தள்ளீட்டீங்க. எந்திரிக்க மணி, சோத்துக்கு மணி, தூங்க மணி. ரேங்க் லிஸ்ட்டைச் சாப்பாட்டு ரூம்பு வாசல்லயே ஒட்டறாங்க, அதைப் பாத்துட்டுத்தான் தட்டெடுக்கணும். என்னால முடியலண்ணா. அப்பா உன்ற பேச்சைத்தான் கேப்பாங்க. சொல்லி என்னைக் கூட்டீட்டுப் போயிரு.

அதுவரைக்கும் நம்ம 'ஆட்டுப் பட்டி'யைப் போன்ல இருந்து அழிச்சறாத. முப்பது ரூவா விளையாட்டு, ஒருத்தருக்கும் பேர்கூடத் தெரியாது, ஆடுங்க பூசணிக்காய்க்குக் கால் மொளைச்சாப்பல இருக்குது. ஆனா எனக்கு அதே நெனப்பு. ஆட்டைத் தொட்டா நேராப் போகும், கல்லு, வேலின்னு எதுலயாச்சும் முட்டினாத்தான் நிக்கும். எல்லாத்தையும் பட்டிக்குள்ள சேத்தா அடுத்த பட்டிக்குப் படல் தொறக்கும். மணியில்ல, ரேங்க் இல்ல. தப்பாப் போனா ஒவ்வொரு அடியாப் பின்னாடி வந்துக்கலாம். இங்க எதுல அப்படி வர முடியுது?

முப்பத்தி நாலாவது பட்டியை மனசுலயே போட்டுட்டேன். கட்டம் வரைஞ்சு வழியை எழுதியிருக்கேன். போட்டுப் பாத்துட்டு எழுது.

உன்ற பாப்பா
நித்யா

மோகனூர்
28.7.2024

என்ற தங்கச் சாமிக்கு,

தொறந்துருச்சு! கருப்பாட்டை முதல்ல உடணும்னு எனக்குத் தோணவே இல்லை பாரு. அந்த 'மே' சத்தத்தைக் கேட்டுட்டு அம்மா, நெசமாவே ஆடு பூந்துருச்சுன்னு கரும்புக்காட்டுப் பக்கம் ஓடினாங்க. முப்பத்தஞ்சை வரைஞ்சு வெச்சிருக்கேன்.

கூட்டீட்டு வாரதை இப்பக் கேட்டா அப்பா சாமியாடீருவாங்க. ஒரம்பரை, சொந்தத்துக்கெல்லாம் புள்ள டாக்டருக்குப் படிக்குதுன்னு சொல்லி வெச்சாச்சு. அம்மாவும் நீ பாசாகணும்னு நாவலடிக் கருப்பன் கோயில்ல வேண்டுதல் சீட்டெழுதிக் கட்டீட்டு வந்திருக்காங்க. அதனால ஒரு பந்தயம் வெச்சுக்கலாம். நீ அங்கிருந்தே விளையாட்டை முடி. கடைசிப் பட்டி தொறந்த அன்னிக்கே நான் அப்பாகிட்டப் பேசி, நானே வந்து கூட்டீட்டு வாரேன். கருப்பன் மேல ஆணை. அதுவரைக்கும் அம்மா முன்னால அழுவாத.

அண்ணன்
நவநீதன்

நாமக்கல்
6.10.2024

அன்புள்ள அண்ணா,

நாப்பதுக்கு வழி இதுல இருக்குது. அத்தனை ஆடும் ஒரே பட்டிக்கு வருது, பாத்தாலே கடைசின்னு தெரியுது. பொட்டியில பாதித் துணியை அடுக்கி வெச்சுட்டேன். நீ சொன்னாப்பல அம்மா முன்னால ஒரு தடவைகூட அழுகலை. எப்ப வாரேன்னு மட்டும் எழுது.

நித்யா

மோகனூர்
20.10.2024

சாமி,

நாப்பது தொறந்துச்சு. ஆனா பாரு, உள்ள நாப்பத்தொண்ணு நிக்குது! இதுதான் கடைசியாட்டம் இருக்குது. வரைஞ்சு வெச்சிருக்கேன். சித்த கஷ்டந்தான். வழி இருக்குது சாமி, நல்லாப் பாரு.

நீ அழுவாம இருக்கறதுல அப்பாவுக்கு ஏகப்பட்ட சந்தோசம். "உன்ற பேச்சாலதான் புள்ள அடங்கியிருக்குது, பரிச்சை வரைக்கும் இப்படியே பாத்துக்க"ன்னு சொல்லி எனக்கு புல்லட்டு புக் பண்ணீட்டாங்க.

நவநீதன்

நாமக்கல்
5.1.2025

அண்ணா,

நாப்பத்தொண்ணு வரலை. பாடத்து நோட்டெல்லாம் கட்டமாத்தான் கிடக்குது. வெள்ளாடு மூலைக்குப் போனா கருப்பாடு சிக்கிக்குது, கருப்பாட்டை எடுத்தா வெள்ளாடு சிக்கிக்குது. ரேங்க்குல கடைசிக்கு வந்துட்டேன். தலை வாரினா கொத்துக் கொத்தா முடி வருது. என்ற மூளை கெட்டுப்போச்சான்னு பயமா இருக்குது. நீ வரைஞ்சதுல ஒரு கல்லு மாறியிருக்குமா? கோவிச்சுக்காம இன்னொருக்காப் பாத்துச் சொல்லு.

நித்யா

மோகனூர்
19.1.2025

சாமி,

பாத்துட்டேன், எல்லாம் சரியாத்தான் இருக்குது. வெசனப்படாத. சோத்தை நல்லாத் தின்னு. வழி இருக்குது, நல்லாப் பாரு.

புல்லட்டு வந்துருச்சு! போட்டோ வெச்சிருக்கேன், நம்பரைப் பாரு, பேன்சி நம்பர். உன்னைப் பாக்க வரலாம்னுதான் இருந்தேன். வண்டி புதுசு, ரோடெல்லாம் தோண்டிப் போட்டிருக்காங்க.

நவநீதன்

நாமக்கல்
16.2.2025

அண்ணனுக்கு,

அம்மாபேட்டையில இருந்து ஜோதின்னு ஒரு புள்ள போன மாசக் கடைசியில என்ற ரூம்புக்கு வந்தா. என்ற நோட்டைப் பாத்துட்டு, "இது ஆட்டுப் பட்டியில்ல?"ன்னா. ஒலகத்துல நம்மளைத் தவிர இன்னொருத்தி! சந்தோசத்துல அவளைக் கட்டிப் புடிச்சுக்கிட்டேன். பொறவு அவ சொன்னா, பட்டி மொத்தமே நாப்பதுதானாம். நாப்பது தொறந்ததும் ஆடெல்லாம் படுத்துக்குமாம். 'முடிஞ்சுது, போய்த் தூங்கு'ன்னு எழுத்து வருமாம். நீ அதை அக்டோபர்லயே பாத்துட்ட.

நாப்பத்தொண்ணு நீ போட்ட கட்டம். வழி இல்லாமத்தான் போட்டிருக்க. நானும் ஜோதியும் உக்காந்து ஒவ்வொரு ஆடா நகத்திப் பாத்துட்டோம். என்ற மூளைதான் கெட்டுப்போச்சுன்னு நம்பி, பாத்ரூம் செவுத்துல மண்டையை முட்டியிருக்கேன்டா. நீ ஸ்கேல் வெச்சுக் கோடு போட்டுட்டு புல்லட்டுல காத்து வாங்கப் போயிருக்க. த்தூ! கசாப்புக்காரன்கூட ஆட்டைப் பாத்து 'நல்லாப் பாரு சாமி'ன்னு சொல்ல மாட்டான்.

இனி நீயே வந்து கூப்புட்டாலும் வர மாட்டேன். பரிச்சை எழுதுவேன். கிடைக்கறதுலயே தூரமான காலேஜுக்குப் போயிருவேன். உன்ற கண்ணாலத்துல இணைச்சீர் செய்யறதுக்கு வேற தங்கச்சியைத் தேடிக்க.

இன்னொண்ணு. போன தடவை அம்மா வந்தப்ப, நாவலடிக் கருப்பன் கோயில்ல கட்டச் சொல்லி ஒரு சீட்டு மடிச்சுக் குடுத்தேன். முறுக்கு டப்பாவைத் தொறந்து பாக்கறவங்கதான், ஆனா சாமிக்கு எழுதுனதைப் பிரிக்க மாட்டாங்க. நான் பாசாகணும்னு எழுதியிருக்கேன்னு நெனச்சு, தலைக்கு ஊத்தீட்டுப் போய் அவங்க கையாலயே கட்டீட்டாங்களாம். இன்னைக்கு வந்து சந்தோசமாச் சொன்னாங்க. அதனாலதான் இந்த லெட்டரை டப்பாவுல வெக்காமத் தபால்ல போடறேன். அதுல என்ற பேரே இல்லை. உன்ற பேரும் அந்த புல்லட்டு நம்பரும் இருக்குது. கீழ என்ன கேட்டிருக்கேன்னு கருப்பனுக்குத் தெரியும்.

பயமா இருந்தாப் போய் அவுத்துக்க. அங்க ஆயிரக்கணக்குல சீட்டு தொங்குது, எல்லாம் ஒரே மாதிரி மடிச்சது. வழி இருக்குது சாமி, நல்லாப் பாரு.

நித்யஸ்ரீ