திருப்பச் சொன்னது நான்தான்

மார்ச் 3
துவைத்துப் போட்ட சீருடை காயவில்லை. இஸ்திரிப் பெட்டியாலேயே உலர்த்தினேன். நாளை விமானத்தை இறக்கும் முறை என்னுடையது. போன வாரம் இறக்கியதும் கேப்டன் கேட்டார்: "இறக்குனியா, இல்ல கீழ போட்டியா?" துணை விமானிக்கு ஒரு நல்ல வார்த்தை சொன்னால் வாய் தேய்ந்துவிடுமா இவருக்கு?

மார்ச் 4
தூக்கம் வரவில்லை. எழுதினால் வருமோ?

பூப்போலத்தான் இறக்கினேன். வேகம் குறைந்ததும் கேப்டன் கட்டுப்பாட்டை வாங்கிக்கொண்டு, நிறுத்துமிடத்துக்குப் போகும் பாதையில் திருப்பினார். பாதி தூரத்தில், "என்ன இது... திரும்ப மாட்டேங்குதே" என்றார். இருவரும் பிரேக்கை மிதித்தோம். சேற்றில் கால் வைத்த மாதிரி உள்ளே போனது. அவசர பிரேக்கை இழுத்தார். அதிலும் ஒன்றுமில்லை. நேர் எதிரே இன்னொரு விமானம். படிக்கட்டில் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டதுகூடத் தெரிந்தது.

"சார், வலது இன்ஜினை மட்டும் ரிவர்ஸ்ல போடுங்க! புல்லுக்குத் திருப்பிடலாம்!"

கத்தியது நான்தான். போட்டார். மூக்கு வலப்பக்கம் வெட்டி இழுத்தது. புல், பள்ளம், பெரிய சத்தம். முன்சக்கரம் மடங்கி நின்றோம்.

படிக்கட்டில் யாருக்கும் கீறல்கூட இல்லை. எங்கள் பயணி ஒருவர் அவசரப்பட்டு எழுந்திருக்கிறார். விழுந்து கை முறிந்துவிட்டது.

மார்ச் 6
அம்மா ஃபோனில்: "உலகத்துல வேற வேலையே இல்லையாடி?"

காரில் போகும்போது சிக்னலுக்குச் சிக்னல் என் கால் தரையை அழுத்துகிறது. "அந்தப் பக்கம் பிரேக் கிடையாதும்மா" என்றார் காரை ஓட்டிய என் கணவர். சிரிக்க முடியவில்லை. இறங்கி நடந்துவிட்டேன்.

மார்ச் 9
இரண்டு இன்ஜினையும் ரிவர்ஸில் போட்டிருந்தால்? நேராகவே நின்றிருக்குமோ? அந்த ஆளின் கை — ஐயோ, என் வாய்தானே?

மார்ச் 12
விசாரணையில் அதே கேள்வி. நான் வாய் திறக்குமுன் கேப்டன், "விமானம் என் கையில இருந்துச்சு. முடிவு என்னோடது. அவங்கள விட்டுடுங்க" என்றார். ஆனாலும் சொன்னேன்: "இல்ல சார். திருப்பச் சொன்னது நான்தான்."

வெளியே வந்ததும் எரிந்து விழுந்தார். "சும்மா இருக்க வேண்டியதுதானே? வேலை போனா என்ன பண்ணுவே?"

தெரியாது. என்ன பண்ணுவேன்?

மார்ச் 25
இன்றும் தகவல் இல்லை.

ஏப்ரல் 17
முடிவு வந்தது. ஹைட்ராலிக் குழாய் விரிசல் விட்டு எண்ணெய் முழுக்க ஒழுகியிருக்கிறது. திருப்புவதற்கும் நிறுத்துவதற்கும் அந்த எண்ணெய்தான். இரண்டு இன்ஜினையும் ரிவர்ஸில் போட்டிருந்தாலும் படிக்கட்டில் மோதித்தான் நின்றிருக்குமாம். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

கேப்டனுக்கு ஃபோன் செய்தேன். அறிக்கையைப் படித்துக் காட்டினேன். அவர் சொன்னார்: "அன்னைக்கு எனக்குக் கை மரத்துப் போச்சும்மா. உன் சத்தம் கேட்டுத்தான் அசைஞ்சுது."

மே 2
மறுபடி அவரோடு. நான் இறக்கினேன். நிறுத்துமிடம் வரை அவர் நத்தையாக உருட்டினார். என் கால்களும் பிரேக் மிதியை விட்டு நகரவில்லை.

கதவு திறந்ததும் பின்னால் ஒரு பயணியின் குரல்: "இதுக்கு நடந்தே வந்திருக்கலாம்!"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே சிரித்தோம்.