ஆவணத் தொடரில் அப்பா ருசி பார்த்தது

என் அன்புள்ள அப்பாவுக்கு,

இறந்த பிறகு நீங்கள் பிரபலமாகிவிட்டீர்கள். வீட்டைப் பூட்டிவிட்டு நீங்களும் அம்மாவும் குடியேறிய ஆசிரமத்தைப் பற்றி ஓர் ஆவணத் தொடர் வந்திருக்கிறது. அது ஞானக் கூடமா, மோசடிக் கூடாரமா என்று திருத்தணியே பிரிந்து நின்று பார்க்கிறது. தொடர் இரு தரப்புக்கும் சம நியாயம் வழங்குகிறது. ஆகவே யாருக்கும் எதுவும் விளங்கவில்லை.

அடிவாரத்தில் பூ விற்கும் முனியம்மா என்னை நிறுத்தினாள். “சாமி, ஒங்க அப்பாவ போன்ல பாத்தேன். குண்டான கிண்டிகினு சோக்கா நிக்கிறாரு.”

நீங்கள் உபவாசமிருந்து, மனமுவந்து உடலைத் துறந்ததாகத்தான் குருஜி அறிவித்தார். அங்கே கணவனுக்கும் மனைவிக்கும் தனித்தனிக் குடில். கடைசி மாதங்களில் அம்மா உங்களைப் பார்க்கவே இல்லை. ஆனாலும் நம்பினாள். நான் வீட்டுக்குக் கூப்பிட்டபோதெல்லாம், “அவருக்குக் கெடச்சது எனக்கும் கெடைக்கட்டும்டா” என்பாள். இப்போது அவளும் ஒருவேளைச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டாள்.

ஆடிக் கிருத்திகைக்கு அவளை மலைக்கோயிலுக்கு அனுப்பினார்கள், காவலுக்கு ஒரு சிஷ்யையோடு. சிஷ்யை செருப்பு விடப் போன நேரத்தில் அம்மாவுக்கு உங்கள் காட்சியைப் போனில் காட்டினேன். ஆசிரம அடுப்படி. பின்னணிக் குரல் ‘ஆனந்தமான சேவை’ என்றது. நீங்கள் அகப்பையில் எடுத்து வாயில் வைத்தீர்கள். சுற்றிப் பார்த்துவிட்டு, மறுபடியும்.

“நிறுத்துடா. இவர் ருசி பாக்கறாரே.”

நீங்கள் சமைத்த மலைக்கோயில் மடப்பள்ளியில் நைவேத்தியத்துக்கு முன் ருசி பார்க்கக்கூடாது. அந்தப் பழக்கத்தில் வீட்டிலும் வாசனையை வைத்தே உப்புப் போட்டவர் நீங்கள். படமெடுத்தவர்களுக்கு நீங்கள் ருசி பார்த்தது ஓர் அழகான காட்சி.

“பசிச்சிருக்குடா அவருக்கு,” என்றாள் அம்மா.

பசித்தவருடைய பட்டினிக்கு ஏன் உபவாசம் என்று பெயர் வைத்தார்கள், அப்பா? நீங்கள் சோறு கேட்டீர்களா? கேட்டும் தரவில்லையா?

வீட்டுக்கு வந்துவிடு என்றேன். “அவாளைக் கேட்டுட்டு வரேன்” என்று சிஷ்யையோடு திரும்பிப் போனாள். அன்றிலிருந்து எப்போது போன் போட்டாலும், அம்மா மௌன விரதம் என்கிறார்கள். அம்மாவுக்கும் மௌனத்துக்கும் எந்தக் காலத்திலும் ஒத்துவந்ததில்லை. அது உங்களைவிட யாருக்குத் தெரியும்?

போலீஸில் எழுதிக் கொடுத்துவிட்டேன். நாளைக் காலை அந்த வாசலில் போய் நிற்பேன். அம்மாவை அழைத்துக்கொள்ளாமல் திரும்பமாட்டேன். வந்ததும் அவளுக்கு வயிறாரச் சோறு போடுவேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

அம்மாவை இன்னும் இழக்காத,
உங்கள் மூத்த மகன்