கொடைக் காலத்துச் சாரல் முட்டை

தென்காசி
01-08-2025, வெள்ளிக்கிழமை
(விசுவாவசு வருடம், ஆடி மாதம் 16-ஆம் நாள்)

அன்பு மகன் சிரஞ்சீவி இசக்கிமணிக்கு, அப்பா நம்பிராஜன் ஆசியுடன் எழுதுவது. பனியிலும் உயரத்திலும் காவல் நிற்கும் உனக்கு நம் தெரு முப்பிடாதி அம்மன் துணை நிற்கட்டும். நாங்கள் இருவரும் நலம் என்று எழுதித் தொடங்குவதே முறை. அந்தச் சொல்லை இத்தனை நாள் எழுதாமல் தள்ளிவைத்திருந்து, நேற்று முன்தினம் மருத்துவரைப் பார்த்து வந்த பிறகே எழுதத் துணிகிறேன். ஜூலை 9-ஆம் தேதியிட்ட உன் கடிதம் 21-ஆம் தேதி வந்து சேர்ந்தது. அம்மாவுக்குப் புண் ஆறிவிட்டதா என்று அதிலும் கேட்டிருந்தாய். தொலைபேசியில் கேட்டபோதெல்லாம் ஆறிவிட்டது என்றே சொன்னேன். முகாமிலிருந்து உனக்கு எப்போதாவது கிடைக்கும் இரண்டு மூன்று நிமிடத்தில் உன்னைக் கலங்கவைத்துவிட்டு, அடுத்த அழைப்பு வரும்வரை நீ தவிப்பதை நினைத்துக்கொண்டிருக்க எனக்குத் திராணி இல்லை. இப்போது முழுவதையும் எழுதுகிறேன்.

ஜூன் 19-ஆம் தேதி திருநெல்வேலியில் அம்மாவுக்குக் குடல் அறுவை நடந்ததும், 28-ஆம் தேதி சனிக்கிழமை வீடு திரும்பியதும் நீ அறிந்ததே. அதன்பின் தையலின் கீழ்ப்பகுதி மட்டும் கூடாமல் நீர் கசிந்துகொண்டிருந்தது. ஜூலை 10-ஆம் தேதி பரிசோதித்த மருத்துவர், சதை வளர உடம்பில் சத்து இல்லை, தினமும் இரண்டு முட்டை கட்டாயம் உள்ளே போக வேண்டும், 30-ஆம் தேதிக்குள் புண் கூடாவிட்டால் மறுபடி திறந்து தைப்பதைத் தவிர வழியில்லை என்று சொல்லிவிட்டார். அவள் இருக்கும் நிலையில் இன்னொரு மயக்க மருந்தைத் தாங்குவாளா என்று நான் கேட்டதற்கு அவர் நேரடியாகப் பதில் சொல்லவில்லை. அம்மாவுக்கோ மருந்தின் வேகத்தில் நாக்குச் செத்துப்போயிருந்தது. "உப்பு, புளி, உறைப்பு ஒண்ணும் தெரியல, ஈரச் சாந்தைத் திங்க மாதிரி இருக்கு" என்று சொல்லி, அவித்த முட்டையைக் கவுச்சி அடிக்கிறது என்று தட்டோடு தள்ளிவிட்டாள்.

அந்த வாரம்தான் சாரல் பிடித்தது. சாரல் பிடித்தால் அவள் வருடந்தோறும் வைக்கும் சாரல் முட்டைக் குழம்பு உனக்கு நினைவிருக்கும். மாங்காய்போலப் புளிக்கும் அம்பழங்காயை வேகவைத்து மசித்து, சின்ன வெங்காயமும் மிளகும் சேர்த்து, தேங்காய்ப்பால் ஊற்றி, நெய்யில் வதக்கிய தூதுவளை இலையைப் போட்டு, கடைசியில் முட்டையை உடைத்து ஊற்றி மூடிவைப்பாளே, அதுதான். அந்தப் புளிப்பில் கவுச்சி தெரியாது என்று எனக்குப் பட்டது. 13-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்துக்குப் போய் அந்தக் காயைத் தேடினேன். அருவிக்கு வரும் கூட்டத்துக்காக மங்குஸ்தானும் ரம்புட்டானும்தான் குவித்திருந்தார்கள். பிறகு புளியறைக்குப் பஸ் ஏறி, கேரள எல்லைச் சோதனைச் சாவடி தாண்டிச் சாலையோரம் விற்ற ஒரு பெண்ணிடம் வாங்கிவந்தேன். ஒவ்வொரு காயாகத் திருப்பிப் பார்த்த என்னை அவள், "பெரியவரே, பொண்ணு பாக்கவா வந்திருக்கிய?" என்று கேட்டாள். வீட்டுக்கு வந்து, படுக்கையிலிருந்தபடியே அம்மா சொல்லச் சொல்லச் செய்தேன். ஊற்றிய முட்டையைக் கரண்டியால் கலக்கக் கூடாது என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை, எனக்கும் தெரியவில்லை. தட்டைப் பார்த்தவள், "கலக்கிப் போட்டுட்டியளே, இது என்ன கொத்துப் புரோட்டாவா?" என்றாள். ஆனாலும் முழுவதையும் சாப்பிட்டாள். ருசி ஒன்றும் தெரியவில்லையாம், கவுச்சியும் தெரியவில்லையாம். அதுவே போதும் என்று அன்று முதல் தினமும் அதையே செய்தேன். நான்கைந்து நாளில் மஞ்சள் கரு உடையாமல் ஊற்றவும் கை பழகிவிட்டது.

இதற்கிடையில் நம் தெரு அம்மனுக்கு ஆடிக் கொடைத் திருவிழா வந்தது. 22-ஆம் தேதி செவ்வாய் பந்தற்கால் நாட்டு, 29-ஆம் தேதி செவ்வாய் கொடை. கால் நாட்டிவிட்டால் கொடை முடியும்வரை தெருவில் எந்த வீட்டிலும் கவுச்சி அடுப்பேறாது என்பதும், அம்மன் பெயரையே தாங்கிய உன் அம்மா அதில் எவ்வளவு கண்டிப்பு என்பதும் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவர் குறித்த நாள் கொடைக்கு மறுநாள். ஆகவே நான் ஒரு காரியம் செய்தேன். படுக்கைக்கு எதிரே தொங்கும் காலண்டரில் 20-ஆம் தேதித் தாளைக் கிழிக்காமல் விட்டுவிட்டேன். கொடையைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்று பக்கத்து வீட்டு முத்துச்செல்வியிடமும் சொல்லிவைத்தேன். செவ்வாய் மதியம் அம்மா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கோயில் மேளம் கேட்டது. என்ன மேளம் என்றாள். யாரோ கல்யாண வீடு என்றேன். கையிலிருந்த கவளத்தைத் தட்டில் வைத்துவிட்டு, "ஆடி மாசத்துல எந்தக் கூறுகெட்டவன் வீட்டுல கல்யாணம்?" என்று கேட்டாள். "ரெண்டு நாளா காலண்டர் ஞாயித்துக்கெழமையிலயே நிக்கு. இடி விழுந்தாலும் விடியக்காலம் தாளைக் கிழிக்கிற மனுசன் கிழிக்கலன்னா, என்னமோ மறைக்கியன்னு எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நோயாளிக்கு விலக்கு உண்டு என்று நான் எவ்வளவோ எடுத்துச் சொல்லியும், "அவ பேர வச்சுக்கிட்டு அவ கொடையில நான் கவுச்சி திங்கவா?" என்றே திரும்பத் திரும்பச் சொன்னாள். அன்று இரவு கஞ்சியும் இறங்கவில்லை. கட்டு மாற்றும்போது துணி முன்பைவிட அதிகம் நனைந்திருந்ததை அவளும் பார்த்தாள், நானும் பார்த்தேன்.

மறுநாள் காலை அவளே கூப்பிட்டாள். "நான் திங்குதேன். எனக்குப் பதிலா நீங்க விரதம் இருக்கணும். ஒரு பொழுதுதான் சோறு. காப்பி கிடையாது" என்றாள். ஆயுளில் ஒரு விரதமும் இருந்தறியாதவன், காப்பி இல்லாமல் கண் விழித்தறியாதவன் நான்; சரி என்றேன். வாசலில் போய்க் கோயில் பக்கம் கைகூப்பிச் சொல்லிவிட்டு வரச் சொன்னாள். சொல்லிவிட்டு வந்தேன். அதன்பின் முட்டைச் சமையலைப் புறவாசலில் தனி அடுப்புக்கு மாற்றிக்கொண்டேன். வாசனை தெருவுக்குப் போகிறதே என்று முத்துச்செல்வியிடம் நான் வருத்தப்பட்டதற்கு, "அம்மன் கொஞ்ச நேரம் மூக்கப் பொத்திக்கிடுவா அண்ணாச்சி, நீங்க வையுங்க" என்றாள். விரதத்தால் ஒரு சங்கடம் வந்தது. குழம்பை உள்ளங்கையில் விட்டு உப்புப் பார்க்க முடியாது. தெரு முழுவதும் விரதமாதலால் பார்த்துச் சொல்லவும் ஆள் கிடையாது. அளவுக் கரண்டியை நம்பியே செய்துவந்தேன். அம்மா தினமும் ஒன்றும் சொல்லாமல், மருந்து விழுங்குவதுபோல் விழுங்கிவந்தாள்.

27-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. காப்பி இல்லாத மந்தத்தில், உப்பு போட்டேனா இல்லையா என்று எனக்கே ஐயம் வந்தது. போடவில்லை என்று முடிவுசெய்து போட்டேன். அம்மா ஒரு வாய் வைத்தாள். முகத்தைச் சுளித்து, "என்னங்க, உப்பு கூடிப்போச்சு" என்றாள். சமையலில் குறை சொன்னால் எனக்குக் கோபம் வரும் என்பது நீ அறிந்தது, அன்றும் வந்தது. தினமும் போடும் அளவுதான் என்று சொல்ல வாயெடுத்தவன் அப்படியே நின்றுவிட்டேன். நான் ஏன் நிற்கிறேன் என்பது அவளுக்கும் ஒரு கணம் கழித்துப் புரிந்தது. அவளுக்கு உப்பு தெரிந்திருந்தது. கொஞ்சம் தேங்காய்ப்பால் ஊற்றி எடுத்துவரச் சொன்னாள். ஊற்றிக்கொடுத்தேன், ராத்திரிக்கும் வேண்டும் என்றாள்.

30-ஆம் தேதி மருத்துவர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். கசிவு நின்றுவிட்டது, சதை வளர்ந்து வருகிறது, திறக்க வேண்டியதில்லை என்றார். இன்னும் ஓரிடத்தில் விரல்நுனி அளவு கூட வேண்டும். ஆகஸ்ட் 20-ஆம் தேதி மீண்டும் வரச் சொல்லியிருக்கிறார். முழுதும் ஆறிவிட்டது என்று நீ நினைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக இதையும் எழுதுகிறேன். கொடை முடிந்து விரதமும் முடிந்துவிட்டதால், நேற்று எனக்கென்று ஒரு முட்டை ஊற்றி, அன்று போட்டதுபோலவே இரண்டு முறை உப்புப் போட்டு வைத்தேன். அன்று உப்பு மெய்யாகவே கூடியதா, இல்லை அவள் நாக்கின் கோளாறா என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. "செஞ்ச தப்ப எதுக்கு மறுபடியும் செய்திய?" என்று அம்மா உள்ளிருந்து சத்தம்போட்டாள். புறவாசலிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். உப்பு கரித்தது, வாயில் வைக்க முடியவில்லை. மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

உனக்கு எல்லா நலமும் நீண்ட ஆயுளும் பெருகட்டும். குளிருக்கு மிளகு சேர்த்துக்கொள். காலுறை ஈரமாக இருந்தால் உடனே மாற்று. ஒன்று மட்டும் மறக்காதே. அடுத்த முறை நீ பேசும்போது அம்மா என் சமையலைப் பற்றி, உப்பைப் பற்றி, நிறையக் குறை சொல்வாள். எனக்காகப் பரிந்து பேசி அவளை நிறுத்திவிடாதே. உனக்குக் கிடைக்கும் நேரம் முழுவதும் அதிலேயே போனாலும் சரி, அவள் சொல்லி முடிக்கும்வரை கேள்.

என்றும் உன் நலம் வேண்டும் அப்பா,
சு. நம்பிராஜன்

காலண்டர் இன்று ஆகஸ்ட் 1-இல் சரியாக இருக்கிறது.