மூச்சு விடாத

நாள் 1. காலை 6:00. செவ்வாய்க் கிரகம், இரண்டாம் கூடாரம்.
முத்துப்பேச்சி, கபடி வீராங்கனை. எடை 58 கிலோ. நாடித்துடிப்பு 61. செவ்வாய்க் கோப்பைக்கு இன்னும் நாற்பது நாள். அதுவரை தனிமைப் பயிற்சி. தினமும் இந்த எழுதுபலகையில் குறிப்பு எழுதுவது உத்தரவு. யார் படிப்பீர்களோ தெரியாது, படியுங்கள்.

விலாவுக்குக் கீழே ஒரு கருவி வைத்துத் தைத்திருக்கிறார்கள். நாங்கள் அதைப் பூட்டு என்போம். பூமியிலிருந்து வரும் பதிவில் கோச் மாசிலாமணியின் குரலில் "மூச்சு விடாத" என்று வந்தால், அது புது மூச்சு இழுக்க விடாது. இருக்கிற மூச்சில் கபடி பாடிப் போய் எதிர்க்கோட்டைத் தொட்டுத் திரும்ப வேண்டும். அதே பதிவின் கடைசியில் "விடு" என்பார். பூட்டு திறக்கும். வேறு யார் சொன்னாலும் திறக்காது. பழைய பதிவைத் திரும்பப் போட்டாலும் திறக்காது. நாங்கள் ஏமாற்றுவோமாம்!

இதற்குப் பெயர் மன உறுதிப் பயிற்சி. எவ்வளவு நேரம் அடக்குகிறோமோ அதை வைத்துப் பூட்டு மதிப்பெண் போடும். கையெழுத்துப் போட்டவள் நான்தான்.

நாள் 9. காலை 7:20.
மன உறுதி மதிப்பெண்: 71. கோச்சின் செய்தி:
"எழுபத்தொண்ணு ஒரு மார்க்கா பிள்ள? கால் வலிக்கி, தலை சுத்துதுன்னு சொல்லுத. ஆடமாட்டாதவ தெரு கோணல்னாளாம்."

பதினாறு வருஷமாக ஆடுகிறேன். முட்டி இரண்டு தடவை உடைந்தும் ஆடினேன். அப்போதெல்லாம் இந்த மனசை யார் அளந்தது? பூமியில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்துகொண்டு என் மனசைக் குறை சொல்கிறார்.

ஒரே ஆறுதல் ஜெசிந்தா. பக்கத்துக் கூடாரத்தில் இருக்கிறாள். முகம் பார்க்க அனுமதி இல்லை. ஆனால் இரண்டு கூடாரத்துக்கும் ஒரே காற்றுக்குழாய். அவள் பாடுவது அதன் வழியே கேட்கும். என்னைவிட வேகமாகப் பாடுவாள், கழுதை.

நாள் 19. காலை 7:31.
புழுதிப் புயல். எனக்கு வரவேண்டிய பதிவு வரவே இல்லை. ஜெசிந்தாவுக்கு வந்திருக்கிறது. பாடினாள். பாட்டு நடுவிலே நின்றது. பிறகு குழாயில் ஒரு சத்தமும் இல்லை.

நாள் 20. காலை 8:05.
ஜெசிந்தாவுக்கு என்ன ஆச்சு என்று கோச்சிடம் கேட்டேன். அவர் பதில்:
"அவ விட்டுட்டுப் போயிட்டா. மனசுல தெம்பு இல்ல. நீ உன் ஆட்டத்தப் பாரு."

ஜெசிந்தாவா விட்டுவிட்டுப் போவாள்? பல் உடைந்த அன்று அதைத் துப்பிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போனவள் அவள்.

நாள் 21. காலை 9:40.
வாராந்தரப் பட்டியல் வந்தது. எந்திரம் தானாக அனுப்புவது. அதற்குப் பொய் சொல்லத் தெரியாது.

ஜெசிந்தா. மூச்சடக்கம்: 6 நிமிடம் 12 நொடி. மன உறுதி: நூற்றுக்கு நூறு.

ஆறு நிமிடம்! எங்களில் யாரும் மூன்றைத் தாண்டியதில்லை. "மூச்சு விடாத" அவளுக்கு வந்திருக்கிறது. "விடு" வருவதற்குள் புயல் பதிவை அறுத்துவிட்டது. அவள் துடித்து அடங்கியதைப் பூட்டு உறுதி என்று எழுதி வைத்திருக்கிறது. இந்தப் பட்டியல் கோச்சுக்கும் போகும். தெரிந்துகொண்டேதான் தெம்பு இல்லை என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்.

கோச்சுக்கு எழுதப் போகிறேன். பயத்தில் இல்லை, ஆத்திரத்தில்.

காலை 9:55.
கோச்சுக்குச் செய்தி அனுப்பினேன்: "ஜெசிந்தா செத்துப்போனத இப்பவே எல்லார்ட்டயும் சொல்லுங்க. இல்லன்னா நான் சொல்லுவேன்." ஆடுகளத்தின் எதிர்க்கோட்டுக்குப் பின்னால் அபாயப் பெட்டி இருக்கிறது. அதன் முத்திரையை உடைத்து இந்தப் பலகையைச் செருகினால், குறிப்பு முழுவதும் செவ்வாயில் இருக்கிற எல்லா நிலையத்துக்கும் போகும். முத்திரையை உடைத்தவள் கோப்பையில் ஆட முடியாது. பதினாறு வருஷம் இந்தக் கோப்பைக்காகத்தான். அதனால்தான் முதலில் அவரிடம் கேட்டேன். இது புத்திகெட்டதனமோ என்னவோ.

செய்தி போகப் பதினான்கு நிமிடம், வர பதினான்கு.

காலை 10:26.
ஒலிபெருக்கி தானாகப் பேசியது. அதை நிறுத்த வழி கிடையாது.
"ஏ பிள்ள, கோவப்படாத. நடந்தது நடந்துபோச்சு, அத விடு. உனக்குக் கோப்பை இருக்கு. இதப் பத்தி வெளிய மட்டும் மூச்சு விடாத."

செய்தி முடிந்தது. பூட்டு விழுந்தது.

10:26:20
அவருக்கே தெரியாது என்ன சொன்னார் என்று. வாயை மூடச் சொன்னார். எந்திரம் மூச்சை மூடிவிட்டது. "விடு" முன்னால் வந்துவிட்டதே, பாவி மனுஷா. மாற்றிச் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பேன்.

10:26:50
பாதி மூச்சில் இருந்தேன். கெஞ்சிச் செய்தி அனுப்பினால் பதில் வர இருபத்தெட்டு நிமிடம். கெஞ்சப் போவதில்லை. பன்னிரண்டு மீட்டர் இருக்கிறது. பாடிப் போகிறேன்.

10:27:25
கபடி கபடி. கண் இருட்டுகிறது. நடுக்கோடு தாண்டியாச்சு. எனக்கா உறுதி இல்லை?

10:27:55
முத்திரை உடைந்தது. கோப்பை போச்சு போகட்டும். ஜெசிந்தா விட்டுட்டுப் போகல. கேளுங்க எல்லாரும் அவ விட்டு

10:28:04. அபாயப் பெட்டி, தானியங்கிக் குறிப்பு.
பலகை செருகப்பட்டது. எல்லா நிலையங்களுக்கும் அனுப்பப்பட்டது.

10:33:20. பூட்டு, தானியங்கிக் குறிப்பு.
முத்துப்பேச்சி. மூச்சடக்கம்: 7 நிமிடம். தொடர்கிறது. மன உறுதி: நூற்றுக்கு நூறு.